மூன்று நம்பர் பெரிய பூட்ஸ்

கம்பெனி டாக்டர் அனுப்பிய கடிதம் ஒன்றரைப் பக்கம். அவளுடைய தலையெழுத்து அதன் கடைசி மூன்று வரியில், கையெழுத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. கால்விரல்கள் இப்படி மடங்கிப்போவது இறுக்கமான காலணியால் வருவது. இவருக்குக் கொடுத்த பூட்ஸ் இறுக்கமாக இல்லை என்று ஐந்து வருடத்தில் பத்து முறை இவரே சொல்லியிருக்கிறார். ஆகவே இது வேலையால் வந்த கோளாறு அல்ல.

சலவை ஆலையின் சாப்பாட்டு அறையில், சுவரில் சாய்ந்து நின்றபடி அதை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்ததும் காதுமடல் சுட்டது. இவரே சொல்லியிருக்கிறாராம். சொன்னாள்தான். யார் இல்லை என்றது?

அந்த ஆலையில் ஒரு வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசர் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு வருவார். வரிசையாக நிற்கிறவர்களின் வெள்ளை ரப்பர் பூட்ஸ் முனையைக் குனிந்து கட்டைவிரலால் அழுத்துவார். "இடிக்குதா?" என்று கேட்பார். இடிக்கவில்லை என்றால் ஒரு டிக். அட்டையில் கேள்வி அது ஒன்றுதான். அவளுக்கு இடிக்கவில்லை. எப்படி இடிக்கும்? அவள் கால் முப்பத்தேழு, பூட்ஸ் நாற்பது. விரல் நுனிக்கும் பூட்ஸ் முனைக்கும் நடுவே ஒரு எலி குடும்பம் நடத்தலாம்.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் துணியெல்லாம் வந்து விழுகிற ஆலை அது. ஆளைவிட உயரமான மெஷின்களிலிருந்து ஈரத் துணியை இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, சோப்புத் தண்ணீர் ஓடுகிற தரையில் உலர்த்தும் கூடம்வரை தள்ளவேண்டும். ஒரு ஷிப்டுக்கு நாற்பது வண்டி. வண்டியை முன்னால் தள்ளினால் கால் பூட்ஸைவிட்டுப் பின்னால் எழும்பும். பூட்ஸ் தரையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்னும். முதல் வாரத்திலேயே அவள் விரல்கள் ஒரு வித்தை கற்றுக்கொண்டன. உள்ளே மடங்கி, அடித்தளத்தைக் கவ்விக்கொண்டு, பூட்ஸையும் சேர்த்து இழுத்து வந்தன. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுப் பார்த்தாள், நனைந்து கனத்தது. முனையில் துணியை அடைத்தாள், சுகாதாரச் சோதனையில் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஐந்து வருடம் கவ்விய விரல்கள் அப்புறம் விடவே மறந்துபோயின. வலது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த மூன்றும் நடுக்கணுவில் மடங்கிப் பருந்தின் நகம்போல் நின்றன. கணு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காலாணி. பாதத்தின் முன்பக்கம், விரல் தொடங்குகிற இடத்துக்கு அடியில், தோல் காய்த்துத் தடித்து, ஒவ்வொரு அடிக்கும் கூழாங்கல்லை மிதித்ததுபோல் வலி. செருப்பில் கல் புகுந்திருக்கிறதோ என்று கழற்றி உதறிக்கூடப் பார்த்தாள். கல் காலுக்குள் இருந்தது. அதனால் குதிகாலால் நடக்கப் பழகினாள். கூடத்தில் அவளுக்கு 'வாத்து' என்று பெயர் வந்தது. வைத்தவள் பக்கத்தில் வண்டி தள்ளுகிற மிளகு, ஆள் அவ்வளவுதான் உயரம், காரமும் அவ்வளவு. அவள் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

எலும்பு டாக்டரம்மா மட்டும்தான் சிரிக்காமல் அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தவர். விரலை நிமிர்த்த முயன்றார், நிமிரவில்லை. அடியில் அழுத்தினார், அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன வேலை, என்ன காலணி என்று கேட்டுவிட்டு, பூட்ஸைக் கொண்டுவரச் சொல்லி அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இறுக்கினாலும் விரல் மடங்கும். கழண்டு விழுற மாதிரி இருந்தாலும் மடங்கும். நீங்க அஞ்சு வருஷமா பூட்ஸைப் பிடிச்சுக்கிட்டே நடந்திருக்கீங்கம்மா" என்றார்.

ஆபரேஷன் என்றார். மடங்கிய கணுவில் துளி எலும்பை வெட்டியெடுத்து, விரலை நேராக்கி, நுனி வழியாக மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்துவார்களாம். கம்பியின் முனை ஆறு வாரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம். இரண்டாம் விரலுக்குப் பின்னாலுள்ள நீண்ட எலும்பையும் கொஞ்சம் குறுக்கி ஒரு திருகாணி போட்டால்தான் அடிப்பாத வலி போகும். குதிகாலில் மட்டும் பாரம் விழுகிற ஒரு தனிச் செருப்பு. மூன்று மாதம் ஈரத் தரை கூடாது. விரல் பழையபடி மடங்காது, கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும், வீக்கம் வடிய அரை வருடம் ஆகும் என்பதையும் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தேதி கொடுத்தார், இன்னும் பதினெட்டு நாள். அதை விட்டால் அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து. அதுவரை இந்தக் காலோடு நின்றால் அடுத்த கணுக்களும் இறுகிவிடும், பிறகு நேராக்குவது இவ்வளவு லேசாக இருக்காது என்றார்.

ஆக, எல்லாம் அந்தக் கடிதத்தில் வந்து முட்டியது. வேலையால் வந்த கோளாறு என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் மூன்று மாதமும் அவள் இடம் அவளுக்கே. ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒரு மாதத்துக்குமேல் வராதவளின் பெயரை அடித்துவிடுவார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால், நேரான விரல்களோடு விமானம் ஏறவேண்டியதுதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கோபம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குனிந்து கட்டைவிரலால் அழுத்திய சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன்தான் அவளை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவன், அந்த வேலையில் சேர்த்தவன். முதல் நாளே வாசலில் நிறுத்தி, உள்ளே போனால் அண்ணனும் கிடையாது தங்கையும் கிடையாது, சார் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று சொல்லிவிட்டான். அவளும் கூப்பிட்டாள். வேறு நம்பர் வேண்டும் என்று நான்கு தடவை கேட்டதும் சார் என்று கூப்பிட்டுத்தான். பார்க்கலாம் என்றான். கிணற்றில் போட்ட கல்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கடிதத்தை இஸ்திரிப் பலகையில் சட்டைமேலேயே வைத்தாள். அவன் படித்தான், மடித்தான், அவளிடமே நீட்டினான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் இதைப்பற்றி விசாரிக்கப்போகிறார்கள், பூட்ஸ் மூன்று நம்பர் பெரிசு என்று நீ சொன்னால் போதும் என்றாள். கேட்டால் சொல்கிறேன், நானாகப் போய் வாயைக் கொடுக்கமாட்டேன் என்றான் அவன். பூட்ஸ் வாங்குவது என் பொறுப்பு, தப்பு என்றால் என் தலைதான் உருளும், இந்த வீடே என் வேலையை நம்பித்தான் நிற்கிறது என்றும் சொன்னான். சொல்லும்போது சட்டைக் காலரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து தடவை அழுத்திப் பாத்தியே. விரல் எங்கேயாவது தட்டுப்பட்டுச்சா உனக்கு?"

"நீ இடிக்கலைன்னுதானே சொன்னே."

"நீ கேட்டதே அதைத்தானே. ஆடுதான்னு ஒரு தடவை கேட்டிருக்கியா? கழண்டு வருதான்னு கேட்டிருக்கியா?"

"அட்டையில என்ன போட்டிருக்கோ அதைத்தான் கேட்க முடியும்."

அண்ணி கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தாள். அவள் இந்த இருவருக்கும் நடுவே ஐந்து வருடமாக மத்தளம்போல் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டிருந்தவள். "காலுக்குத் தக்க செருப்பு வாங்குவாங்க. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுறதை உங்க கம்பெனியிலதாங்க பாக்குறேன்" என்றாள் புருஷனைப் பார்த்து. "அந்த அட்டையையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்துங்க. காலையில உங்களுக்கு அதுவே எல்லாம் செஞ்சு குடுக்கும்."

அவன் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்விட்டான். சட்டைக் காலரில் பழுப்பாக ஒரு தீய்ச்சல்.

அம்மாவுக்கு அவள் குரல் செய்தி அனுப்புகிற நேரம் அது. கால் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டிருந்தாள். வழக்கமாக, நல்லா இருக்கும்மா என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். அன்று பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். பிறகு அனுப்பாமலே விட்டுவிட்டாள். பொய் சொல்லச் சோம்பலாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஷிப்டுக்கு நடுவே கூப்பிட்டார்கள். ஈர பூட்ஸோடேயே போனாள். மேனேஜர் அறைத் தரையில் கம்பளம் விரித்திருந்தது, அவள் நடந்த வழி நெடுகத் தடம். மேஜைக்குப் பின்னால் மேனேஜர், பக்கத்தில் கோப்போடு கம்பெனி டாக்டர். டாக்டரின் கறுப்பு ஷூ ஊசிமுனையாகப் பளபளத்தது. அதற்குள் விரல்கள் என்ன பாடு படுமோ என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. அண்ணன் ஜன்னலோரம் கைகட்டி நின்றான். தீய்ந்த காலர் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

கம்பெனி டாக்டர் நல்ல குரலில், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல், கடிதத்தில் எழுதியதையே மறுபடி சொன்னார். வெளியே போகும்போது கூர்முனைச் செருப்பு போடுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். அவளிடம் இருந்தது முன்பக்கம் திறந்த ஒரே ஒரு ஜோடி செருப்பு. சொன்னாள். டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை நீட்டினாள். அவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அந்த டாக்டர் எலும்பு பார்க்கிறவர், இந்த ஆலையைப் பார்த்தவரில்லை என்றார்.

மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். பூட்ஸ் பெரிதாக இருந்ததா என்று கேட்டார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "இடிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன் சார். அவங்க இல்லைன்னாங்க."

அவங்க. பிறந்ததிலிருந்து அவள் அவனுக்குக் கழுதை, குரங்கு, சனியன், அழும்போது மட்டும் செல்லம். இன்றைக்கு அவங்க ஆகிவிட்டாள். அவள் உட்காரச் சொல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது பூட்ஸை இழுத்தாள். இழுக்கவே வேண்டாம், தானாக வந்தது. சாக்ஸைக் கழற்றினாள். பூட்ஸுக்குள் கைவிட்டு, அடியில் கிடந்த மெத்தையை உருவி, தண்ணீர் சொட்டச் சொட்ட மேனேஜரின் மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் காலையும் தூக்கி நாற்காலி விளிம்பில் வைத்தாள். மேனேஜர் தன் காகிதங்களைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார்.

மெத்தையில் கட்டைவிரலால் தோண்டியதுபோல் மூன்று குழி. குழிகளுக்கு முன்னால் நான்கு விரற்கடை அகலத்துக்கு, கடையில் வாங்கியபடியே வெளுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

"இந்த இடத்துல அஞ்சு வருஷமா ஆளே இல்லை, பாருங்க" என்றாள் அவள். "இடிக்குதான்னு கேட்டீங்க. எங்கே சார் இடிக்கும்? ஓடிப்போற பூட்ஸை இந்த மூணு விரலும் புடிச்சு வச்சிருந்துச்சு. புடிச்ச இடம் அது. புடிச்ச விரல் இது."

அறையில் ஈர ரப்பர் நாற்றம் பரவியது. கம்பெனி டாக்டர் மெத்தையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை. கோப்பில் ஒரு தாளைப் புரட்டி, அப்படியே பெரிதாக இருந்தாலும் மாற்றிக்கொண்டிருக்கலாமே, இரண்டு வருடம் முன்னால் முப்பத்தேழாம் நம்பரில் ஒரு ஜோடி வந்திருக்கிறதே, இவர் வேண்டாமென்று விட்டிருக்கிறார் என்றார்.

அவளுக்கு அது புதுச் செய்தி. முப்பத்தேழு வந்ததா? இந்த ஆலைக்கா? அவள் ஜன்னலோரம் திரும்பினாள். அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தான். காதுவரை சிவந்திருந்தான்.

"அவ விடலை சார். நான்தான் குடுக்கலை."

மேனேஜர் ஏன் என்று கேட்டார்.

"அப்ப புதுசா ஒரு பொண்ணு சேர்ந்துச்சு, அதுக்கும் அதே நம்பர். ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி. என் தங்கச்சிக்குக் குடுத்தா, பாத்தியா, சூப்பர்வைசர் தங்கச்சிக்கு மட்டும் புதுசுன்னு கூடமே பேசும். அதனால அந்தப் பொண்ணுக்குக் குடுத்தேன்." ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "இவ சண்டை போட மாட்டான்னு தெரியும்."

இன்னொரு ஜோடிக்கு எழுதிப் போட்டிருக்கலாமே என்றார் மேனேஜர்.

"அதுக்கும் அதேதான் சார் காரணம்."

அந்தப் புதுப் பெண் மிளகு. இரண்டு வருடமாக அவள் பக்கத்திலேயே, அளவான பூட்ஸில் துள்ளித் துள்ளி வண்டி தள்ளிக்கொண்டு, இவளை வாத்து என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். மிளகுவின்மேல் ஒரு துளி கோபமும் வரவில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

மேனேஜர் அண்ணனிடம் ஒரு தாளைக் கொடுத்து, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவன் குனிந்து எழுதினான். கம்பெனி டாக்டர் தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு எழுதித் தருகிறேன் என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார். மூன்று மாதமும் அவள் இடம் அவளுக்கே. அண்ணன் திங்கட்கிழமையிலிருந்து சூப்பர்வைசர் இல்லை, கூடத்தில் வண்டி தள்ளவேண்டும். ஐந்து வருடத்து வலி அரைமணி நேரத்தில் தீர்மானமாகிவிட்டது. அவள் மெத்தையையும் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு, மேஜையில் தேங்கிய தண்ணீரைத் தன் சாக்ஸாலேயே துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நடைபாதையில் அண்ணன் பின்னாலேயே வந்தான். "சொல்லிட்டேன்ல. ஆபரேஷன் நடக்கும்ல. இப்பவாவது மூஞ்சியைக் காட்டேன்" என்றான்.

அவள் நின்றாள். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் ஒன்றுமில்லை. கேட்டது கிடைத்தபிறகு கோபம் ஆறவேண்டும் என்பார்கள். அவளுக்கோ இப்போதுதான் கொதி வந்தது. பார்க்காமல் விட்டான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பார்த்திருக்கிறான். பெட்டியைத் திறந்து, நம்பரைப் பார்த்து, அவளை நினைத்து, அப்புறம் இன்னொருத்தி கையில் கொடுத்திருக்கிறான்.

"ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. நான் உன் தங்கச்சியா இல்லாம, எங்கேயோ இருந்து வந்த எவளோ ஒருத்தியா இருந்திருந்தா, எனக்கு என் நம்பர் கெடைச்சிருக்குமா கெடைச்சிருக்காதா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கெடைச்சிருக்கும். வீட்டுக்குள்ள அண்ணன், வெளியில சூப்பர்வைசர்னு சொன்னே. நான் ரெண்டையும் நம்பினேன். நீ எனக்கு ரெண்டுமே இல்லை. உன்னை நாலு பேரு நியாயஸ்தன்னு சொல்லணும்னு என் காலை எடுத்துக் குடுத்திருக்கே. உன் காலை வெட்டிக் குடுத்திருந்தா நான் கும்பிட்டிருப்பேன்."

கத்தவில்லை. கத்தினால் அழுகை வந்துவிடும், அவன் செல்லம் என்றுவிடுவான். வெறும் காலைக் குதிகாலில் ஊன்றிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பிப் போனாள். மிச்ச வண்டிகள் இருந்தன.

குறித்த தேதியில் ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். திரைக்கு அப்பால் சின்ன ரம்பம் ஒன்று தேனீபோல் இரைந்து அடங்கியது. அவளுக்குத் தன் கால் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. மறுநாள் டாக்டரம்மா காலில் சுற்றியிருந்த கட்டை மேலாக நகர்த்திக் காட்டினார். வீங்கி, நீலம் பாரித்து, மருந்துச் சாயம் பூசிய மூன்று விரல்கள், பள்ளிக்கூட வரிசைபோல் நேராக. ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் ஒரு கம்பி, முனையில் குத்தாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் குமிழ். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகாக இல்லை. ஆனால் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கு அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள், எல்லாவற்றையும், பெயர் விடாமல், நான்கு நிமிடம்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தான், சோப்பு வாடையோடு, உள்ளங்கையில் தள்ளுவண்டிக் கம்பி பதிந்த சிவப்போடு. அம்மா அவனை அழைத்திருப்பாள்போலும், அவன் கண்கள் வீங்கியிருந்தன. எல்லா நம்பரிலும் பூட்ஸ் வந்திருக்கிறது, இப்போது நாடா வைத்துக் கால் அளந்து கொடுக்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். நல்ல செய்திதான். அது மற்றவர்களுக்கு.

நர்ஸ் முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும் தனிச் செருப்பை மாட்டி, குதிகாலை மட்டும் ஊன்றச் சொன்னார். கட்டிலைவிட்டு எழுந்தாள். ரத்தம் காலுக்கு இறங்கியதும் மூன்று விரலும் ஒரே நேரத்தில் தீயாக எரிந்தன, பல்லைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அண்ணி, இங்க வாங்க" என்றாள்.

அண்ணி வந்து தோளைக் கொடுத்தாள். "மெதுவா, மகாராணி. உன் மூணு வாலும் கட்டில்ல இடிச்சா அப்புறம் என்னைத்தான் திட்டுவே" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதை அண்ணன் இருக்கும் பக்கம் விடாமல் அடக்கிக்கொண்டாள். குதிகால், இடது கால், குதிகால். அடியில் கூழாங்கல் இல்லை. வேறு வலி இருந்தது, ஆனால் கல் இல்லை.

அண்ணன் கையை மடக்கிக்கொண்டு முன்னால் போனான். தானே மூடிக்கொள்கிற கனமான கதவு அது. முதுகைக் கொடுத்து அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு வாரம் கழித்துக் கம்பி எடுக்கும் நாளில் வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை, அவள் வா என்றும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் பிடித்த கதவு வழியாக, அவள் தன் காலால் வெளியே போனாள்.